விழுந்தவரை யார் தூக்குவது? பெரிய போட்டிகளின் மருத்துவ ஏற்பாடு: கேள்வி பதில்

அவசர சிகிச்சைப் பிரிவுதான் எனக்குப் பிழைப்பு, விளையாட்டுப் போட்டிகளின் மருத்துவக் குழுக்களிலும் வேலை பார்ப்பதுண்டு. ஒலிம்பிக், உலகக் கோப்பை மாதிரிப் போட்டிகளில் வைத்தியம் எப்படி நடக்கிறது என்று கேளுங்கள் என்றேன், நிறையக் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கால்பந்து ரசிகர், சென்னை: டாக்டர், ஆடுவது 22 பேர். அதுக்கு எதுக்கு இத்தனை ஆம்புலன்ஸ்?

22 பேருக்காக இல்லை, சுற்றி உட்கார்ந்திருக்கும் அறுபதாயிரம் பேருக்காக. அத்தனை பேர் நாலு மணி நேரம் ஓர் இடத்தில் இருந்தால் அது ஒரு சின்ன ஊர். அதில் சர்க்கரை நோயாளி இருப்பார், நிறைமாதக் கர்ப்பிணி இருப்பார், காலையில் மாத்திரை போட மறந்த பெரியவர் இருப்பார். முதலுதவி அறைக்கு வருவதில் பெரும்பாலானவை தலைவலி, மயக்கம், படிக்கட்டில் கால் பிசகியது, குடி அதிகமானது என்று சாதாரணமானவைதான். ஆனால் எப்போதாவது ஒரு நெஞ்சுவலி வரும், அது மேல் அடுக்கில்தான் வரும்!

அதனால் ஆட்டக்காரர்களுக்கு ஒரு குழு, கூட்டத்துக்கு ஒரு குழு என்று பிரித்துவிடுவார்கள். மைதான ஓரத்தில் நிற்கும் ஆம்புலன்ஸைக் கூட்டத்துக்கு அனுப்புவது கூடாது, அனுப்பினால் அந்த நேரத்தில் ஆட்டக்காரருக்கு வண்டி இருக்காது. இன்னொன்று, கூட்டம் ஸ்டேடியத்துக்குள் மட்டும் இல்லை. 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் வட்டாரத்தில் இதயம் சம்பந்தப்பட்ட அவசரங்கள் மற்ற நாட்களைவிட 2.66 மடங்கு இருந்ததாக ஆய்வு வந்தது. டிவி பார்த்தவர்களும் அதில் சேர்த்திதான். ஆக, நகரத்து ஆம்புலன்ஸையெல்லாம் ஸ்டேடியத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற திட்டம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் மோசமான திட்டம்.

நர்சிங் மாணவி, திருச்சி: டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் மைதானத்தில் விழுந்தபோது சரியாக நடந்தது என்ன சார்?

2021 ஜூன் 12, கோபன்ஹேகன், டென்மார்க்–பின்லாந்து ஆட்டம், 43-ஆவது நிமிடம். பந்தை வாங்கப் போனவர் யாரும் மோதாமலே விழுந்தார். நடுவர் ஆண்டனி டெய்லர் ஆட்டத்தை நிறுத்தி உடனே மருத்துவர்களைக் கூப்பிட்டார். அணியின் மருத்துவர் போய்ச் சேரும்போது மூச்சும் நாடியும் இருந்தன, சட்டென்று நிலைமை மாறியதும் மார்பை அழுத்த ஆரம்பித்தார்கள். மெஷினால் மின்சார ஷாக் கொடுத்ததில் இதயம் திரும்பியது. மைதானத்தைவிட்டுக் கொண்டுபோகும்போது அவருக்கு நினைவு இருந்தது. பிறகு தேவையானபோது தானே ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் கருவியை உடம்புக்குள் பொருத்திக்கொண்டு 2022 பிப்ரவரியில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் மறுபடி ஆடினார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: யாரும் இடிக்காமல் ஓர் ஆட்டக்காரர் விழுந்தால், வேறு காரணம் தெரியும்வரை இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். கை கால் வெட்டுவதைப் பார்த்து வலிப்பு என்று நினைத்துவிடுவார்கள், மீன் வாய் திறப்பது மாதிரி அவர் இழுப்பதைப் பார்த்து மூச்சு இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். இரண்டுமே இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் வரும். மார்பை அழுத்தாமல் ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அதனால்தான் ஆட்டத்துக்கு முன்பே யார் தலைமாட்டில், யார் மார்பில், யார் மெஷினோடு ஓடுவது, கேட் சாவி யாரிடம் என்று முடிவு செய்து ஒருமுறை ஓடிப் பார்ப்பது. 2003-இல் லியோனில் கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் கால்பந்து உலகம் இதை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டது.

மாரத்தான் ஓடுபவர், கோவை: வெயிலில் விழுந்தவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதானே முறை?

இல்லை. முதலில் குளிர வை, அப்புறம் வண்டியில் ஏற்று. கடும் உழைப்பில் வரும் வெப்பத் தாக்குதலில் உடம்புக்குள் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும், ஆள் குழறுவார், அடிக்க வருவார், சில சமயம் நினைவே இருக்காது. சுமார் 30 நிமிடத்துக்குள் சூட்டை இறக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். டிராஃபிக்கில் அந்த 30 நிமிடம் போய்விடும்.

ஃபினிஷ் லைன் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு தொட்டி, அதில் தண்ணீரும் ஐஸும். கழுத்துவரை இறக்கி, அக்குள் வழியாக ஒரு துண்டைப் போட்டுப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்வார், இல்லாவிட்டால் வழுக்கி முகம் உள்ளே போய்விடும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா விட்டால் தோலை ஒட்டிய தண்ணீர் சூடாகிவிடும். 39-க்குப் பக்கத்தில் வந்ததும் வெளியே எடுத்துவிடுவோம். சூட்டை ஆசனவாய் வழியாகத்தான் பார்க்க வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் வியர்த்து நனைந்த ஆளின் நெற்றியிலும் காதிலும் வைக்கும் மெஷின் பொய் சொல்லும்.

தோஹாவில் 2019 உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள், அப்படியும் 68 பேர் கிளம்பி 40 பேர்தான் முடித்தார்கள். அதைப் பார்த்த சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானையே வடக்கே சப்போரோவுக்கு மாற்றிவிட்டது. என்னைக் கேட்டால் நேரத்தையும் ஊரையும் மாற்றுவது நூறு டாக்டர் போடுவதைவிட நல்ல வைத்தியம். டோக்கியோவில் பலருக்குக் கோபம்தான், இருக்கட்டும்.

அதே நண்பர்: அப்படியானால் நிறையத் தண்ணீர் குடித்தால் போதாதா?

போதாது, ஆபத்தும்கூட. வியர்வையைவிட அதிகமாகக் குடித்துக்கொண்டே நாலைந்து மணி நேரம் ஓடினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓர் இளம்பெண் இப்படி இறந்தார். குழறுகிறார் என்று பார்த்த உடனே சலைன் ஏற்றுவதும் இதனால்தான் தப்பு, முதலில் சோடியம் பாருங்கள். தாகத்துக்குக் குடியுங்கள், அவ்வளவுதான்.

மருந்தகத்தில் வேலை செய்பவர், யாழ்ப்பாணம்: ஐயா, வீரர்களுக்கு மருந்து குடுக்கிறதிலை ஊக்கமருந்துச் சிக்கல் வராதோ?

வரும், தினமும் வரும். மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் மாத்திரையில் இருக்கும் சூடோஎபிட்ரின் போட்டி நாளில் அளவு மீறினால் பதக்கம் போகும். ஆஸ்துமா பம்ப் சால்புட்டமால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரைதான், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரி சிகிச்சை மாதிரி விதிவிலக்கு இல்லாமல் 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிக்கு மேல் டிரிப் ஏற்றுவதே தடை. சரி, ஆள் சாகக் கிடக்கிறார், என்ன செய்வது? ஏற்றுங்கள், எழுதி வையுங்கள், சிகிச்சைக்காக விலக்கு கேட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம். உயிர் போகிற இடத்தில் தடை மருந்துப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.

பல் மருத்துவர், மதுரை: எங்களுக்கு அங்கே வேலை உண்டா?

உங்களுக்குத்தான் வரிசை நிற்கும்! லண்டன் 2012 ஒலிம்பிக்கில் பல் சிகிச்சைக்கு வந்த வீரர்களை ஆராய்ந்ததில் பாதிப்பேருக்கு மேல் சொத்தைப் பல். இனிப்புப் பானம் ஒரு காரணம், சொந்த ஊரில் பல் டாக்டரைப் பார்க்க வழியில்லாதது இன்னொன்று.

சுகாதார ஆய்வாளர், நாகர்கோவில்: தொற்று நோய்?

2018 பியாங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோ வைரஸ் பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்பு ஊழியர்களை விலக்கி, ராணுவ வீரர்களை அனுப்ப வேண்டி வந்தது. 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி அந்த மாகாணத்தில் தட்டம்மை வந்தது. வீரர்களைவிடச் சமையல்காரர், காவலாளி, தன்னார்வலர் இவர்களைக் கவனியுங்கள்.

எம்.பி.பி.எஸ். மாணவர், சேலம்: அண்ணா, குண்டுவெடிப்பு மாதிரி நடந்தால்?

2013 பாஸ்டன் மாரத்தானில் ஃபினிஷ் லைன் பக்கத்தில் வெடித்தது. மூன்று பேர் அங்கேயே இறந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஓட்டக்காரர்களுக்காகப் போட்ட கூடாரம் பக்கத்திலேயே இருந்தது, பெல்ட்டும் துணியும் வைத்து ரத்தத்தைக் கட்டினார்கள், காயம்பட்டவர்களை ஒரே ஆஸ்பத்திரியில் குவிக்காமல் பிரித்து அனுப்பினார்கள். பிரித்து அனுப்பும் வேலை கேட்கச் சுலபம், முன்கூட்டிப் பழகாமல் வராது.

அவரே: தன்னார்வலராக வர என்ன தெரிந்திருக்க வேண்டும்?

மார்பை அழுத்தத் தெரிய வேண்டும், ஷாக் மெஷின் தெரிய வேண்டும். அதோடு வாக்கி டாக்கியில் பேசத் தெரிய வேண்டும். 'இங்க ஒருத்தர் விழுந்துட்டார், சீக்கிரம் வாங்க' என்று கத்தினால் எங்கே ஓடுவது? எந்தக் கேட், எந்தப் பிளாக், எந்த வரிசை, மூச்சு இருக்கிறதா என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு எதிர்முனை திருப்பிச் சொல்கிறதா என்று கேளுங்கள்.