எடிஸ்டோன் கலங்கரை விளக்கம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய அச்சுப்படங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தின் படத்தைப் பார்த்தேன். நடுக்கடல் பாறைமேல் பால்கனி, பாரந்தூக்கி, காற்றுகாட்டி என்று ஒரே அலங்காரம். இது உண்மையில் இருந்ததா, ஓவியரின் கற்பனையா? பழைய பிரதி விற்பனைக்கு வந்தால் எதைப் பார்த்து வாங்குவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இருந்தது. கட்டியவரும் வரைந்தவரும் ஒரே ஆள்தான், ஹென்றி வின்ஸ்டன்லி. அந்தப் படத்தின் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வரக் காரணமே அதுதான்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதிக்காரர். ஆட்லி எண்ட் மாளிகையை எட்சிங் படங்களாகச் செய்தவர். மெழுகு பூசிய செப்புத்தகட்டில் ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்கவிட்டு, அந்தப் பள்ளங்களில் மை ஏற்றி அச்சிடும் வேலை அது. அப்படிப்பட்டவர் 1696இல் பிளிமத் துறைமுகத்துக்குத் தெற்கே, அலையடிக்கும் பாறையில் கட்ட ஆரம்பித்தார். மறு வருடம் பிரெஞ்சுக் கடற்கொள்ளைக் கப்பல் அவரைப் பிடித்துப் போனது. பதினான்காம் லூயி மன்னர் விடுவித்து அனுப்பிவிட்டார். 1698 நவம்பரில் விளக்கு எரிந்தது, அதுவும் மெழுகுவர்த்திகளால்! குளிர்காலத்து அலைகள் உச்சிவரை ஏறியதால் 1699இல் கோபுரத்தை உயர்த்தி, பருமனாக்கினார். நீங்கள் பார்த்தது அந்த இரண்டாவது வடிவம்.

அலங்காரம் அதிகம் என்பது சரி. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: படகிலிருந்து சாமான் ஏற்றும் பாரந்தூக்கி எந்தப் பக்கம் நீள்கிறது என்பதுவரை தெரியும். அங்கே ஆள் குடியிருக்க வேண்டும் என்று நினைத்தவரின் படம் அது. 1703 நவம்பர் பெரும்புயலின்போது பழுதுபார்க்கப் போயிருந்த வின்ஸ்டன்லியும் கோபுரத்தோடு போய்விட்டார். பாறையில் சில இரும்புத் துண்டுகளே மிஞ்சின. ஆகவே கோபுரத்தின் தோற்றத்துக்கு அந்தக் காலத்துப் படங்கள்தான் சாட்சி. அவற்றில் கட்டியவரே வரைந்ததற்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

அப்புறம், வாங்குவது. பிற்காலச் செதுக்குநர்கள் பலர் இதைப் பிரதியெடுத்திருக்கிறார்கள். பழசாகத் தெரிவதெல்லாம் 1699 ஆகிவிடாது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தக் காலக் கைத்தாளில் நெருக்கமான கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே இடைவெளி விட்டு ஓடும் கோடுகளும் தெரியும். அந்தக் கோடுகளே இல்லாத வழுவழுப்பான தாள் என்றால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முந்தியதாக இருக்காது. படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் தடம் போயிருக்கலாம். அப்போது தாளை நம்புங்கள். சட்டத்தைக் கழற்றிக் காட்ட மறுக்கிறவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.