30 கட்டுரை மட்டுமே எழுதிய கணினிக் கட்டமைப்பு ஆய்வாளரிடம் பிஎச்டிக்குச் சேரலாமா?

பாளையங்கோட்டையில் எம்.இ. முடிக்கப்போகும் தம்பியின் கேள்வி இது: பார்த்து வைத்திருக்கும் பேராசிரியருக்கு 30 கட்டுரை, எச்-இன்டெக்ஸ் (மேற்கோள்களை வைத்துப் போடும் மதிப்பெண்) 14. கல்லூரியில் "இவ்வளவுதானா?" என்கிறார்களாம்.

அந்த 30 எங்கே வந்தன என்று முதலில் பாருங்கள், தம்பி. நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரிகளில் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள ஜர்னல் கட்டுரை எத்தனை என்றுதான் எண்ணிப் பழக்கம். ப்ராசசர், மெமரி இவற்றை வடிவமைக்கும் கணினிக் கட்டமைப்பில் மதிப்பு மாநாட்டுக் கட்டுரைக்குத்தான். 1973 முதல் நடக்கும் இஸ்கா, அப்புறம் மைக்ரோ, எச்பிசிஏ, ஆஸ்ப்ளாஸ் ஆகியவைதான் முக்கிய மாநாடுகள். இவற்றுக்குப் போகும் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் தேறும். சிமுலேட்டரை (ப்ராசசர் போலவே நடந்துகாட்டும் மென்பொருள்) திருத்தி, பெஞ்ச்மார்க் என்னும் வேகச் சோதனை நிரல்களை ஓட்டி முடிப்பதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். அங்கே ஐந்தாறு இருந்தாலே நல்ல ஆய்வாளர் என்பேன்.

எச்-இன்டெக்ஸ் 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. 14 என்றால், 14 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 14 மேற்கோள் பெற்றவை, அதாவது 14 பிற கட்டுரைகளாவது அதைச் சுட்டியிருக்கின்றன. ஒரே கட்டுரை ஆயிரம் வாங்கினாலும் இதில் ஒன்றாகத்தான் சேரும்.

மேற்கோளிலும் ரகம் உண்டு. ஜெம்5 சிமுலேட்டர் கட்டுரை 2011இல் ஒரு செய்திமடலில் வந்தது. ஆயிரக்கணக்கானோர் சுட்டினார்கள், பெரும்பாலும் அதைக் கருவியாகப் பயன்படுத்தியதால். ஐபிஎம் பொறியாளர் டொமாசுலோவின் 1967 கட்டுரை வேறு ரகம். கட்டளைகளை வரிசை மாற்றி இயக்கும் அந்த யோசனை இன்றைய ப்ராசசர்களிலும் வேலை செய்கிறது.

சரி, அவருடைய கூகுள் ஸ்காலர் பக்கத்தில் அதிக மேற்கோள் உள்ள மூன்றைத் திறந்து, சுட்டியவர்கள் அவருடைய மாணவர்களா, வெளியாட்களா என்று பாருங்கள். வெளியாட்களும் சுட்டியிருந்து, அந்தக் கட்டுரைகளில் மாணவர் பெயர் முதல் ஆசிரியராக வந்திருந்தால் தயங்காமல் சேருங்கள்.