ஷேக்ஸ்பியரை நம்பாத பெரியவர்கள்

"மார்க் ட்வைன், ஃபிராய்ட், சாப்ளின் போன்றவர்கள்கூட ஷேக்ஸ்பியரின் நாடகங்களை வேறு ஒருவர்தான் எழுதினார் என்று நம்பினார்களாமே, அது உண்மையா? உண்மையென்றால், அவ்வளவு பெரியவர்கள் சொன்னதில் ஏதோ ஒன்று இருக்கத்தானே வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில், ஆம், உண்மைதான். இரண்டாவது கேள்வியில் நானே முதுகலை மாணவனாக இருந்தபோது இரண்டு ஆண்டுகள் சிக்கிக் கிடந்தவன் என்பதால், சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

சந்தேகம் கிளம்பிய இடம் எளிதாகப் புரியக்கூடியதே. 1564இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை தைக்கும் ஒருவரின் மகனாகப் பிறந்து, பல்கலைக்கழக வாசலை மிதிக்காமல், லண்டனில் நடிகராகவும் நாடகக் குழுவின் பங்குதாரராகவும் பொருள் சேர்த்து, 1616இல் சொந்த ஊரில் இறந்துபோன ஒரு மனிதர், அரசவையையும் சட்டத்தையும் இத்தாலியையும் அறிந்தவர்போல் எப்படி எழுதினார் என்பதுதான் கேள்வி. அவர் கைப்பட இட்டதாகப் பொதுவாக ஏற்கப்பட்டவை ஆறு கையெழுத்துகள் மட்டுமே. உயிலில் மனைவிக்கு 'இரண்டாவது தரமான கட்டிலை' எழுதி வைத்தவர், ஒரு புத்தகத்தைக்கூடக் குறிப்பிடவில்லை. ஆனால் இந்தச் சந்தேகம் ஓர் இயக்கமாக உருவெடுத்தது அவர் இறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1850களில்தான். அவரோடு பழகியவர்களுக்கும் அவரை வெறுத்தவர்களுக்கும் தோன்றாத ஐயம் அது.

அந்த இயக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் டெலியா பேக்கன் என்ற அமெரிக்கப் பெண்மணி. நாடகங்களுக்குப் பின்னால் தத்துவஞானி ஃபிரான்சிஸ் பேக்கனும் அவரைச் சார்ந்தவர்களும் இருந்தார்கள் என்பது அவர் துணிபு. பெயர் ஒன்றாக இருந்தாலும் அவருக்கும் அந்தத் தத்துவஞானிக்கும் உறவில்லை. 1856இல் ஒரு நாள் இருட்டிய பிறகு, கையில் ஒரு விளக்குடன் ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்துக்குள் சென்று, தன் எலும்புகளை அசைப்பவன் சபிக்கப்படுவான் என்று செதுக்கப்பட்டிருக்கும் ஷேக்ஸ்பியரின் கல்லறைக் கல்லின் அருகே நெடுநேரம் இருந்தார். கல்லைப் பெயர்த்தால் ஆதாரம் கிடைக்கும் என்று எண்ணியே போனவர், பெயர்க்காமல் திரும்பிவிட்டார். அடுத்த ஆண்டு அவருடைய தடித்த நூல் வெளிவந்தது. அப்போது லிவர்பூலில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த நாவலாசிரியர் நதானியல் ஹாதார்ன் அதற்கு முன்னுரை எழுதி, செலவுக்கும் பொறுப்பேற்றார். ஆனால் அதன் கருத்தைத் தான் ஏற்பதாகச் சொல்லவில்லை. அந்த நூலுக்கு ஒரு வாசகருக்கு மேல் வாய்த்திருக்க மாட்டார் என்று பின்னாளில் அவர் எழுதியது இரக்கத்தோடு சொன்னதுதான் என்றாலும், படிக்கும்போது சிரிப்பு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. டெலியா மனநிலை பிறழ்ந்து 1859இல் இறந்தார்.

மார்க் ட்வைனின் கதை இதே காலத்தில்தான் தொடங்குகிறது. மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகின் சுக்கான் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்த இளைஞர் அவர். அந்தப் படகை ஓட்டிய ஜார்ஜ் ஈலர் என்பவருக்கு ஷேக்ஸ்பியர் என்றால் உயிர். படகை ஓட்டிக்கொண்டே மேக்பெத்தின் வசனங்களை உரக்கச் சொல்வார், நடுநடுவே ஆழம் பார்ப்பவனையும் பயிற்சி பெறுபவரையும் திட்டுவார், இரண்டும் ஒன்றோடொன்று கலந்து எது நாடகம், எது ஆறு என்று தெரியாமல் போகும் என்று ட்வைன் எழுதியிருக்கிறார். டெலியாவின் நூலைப் பற்றிய பேச்சு அந்தச் சுக்கான் அறைக்கும் வந்து சேர்ந்தது. ஈலர் ஷேக்ஸ்பியர் பக்கம் நின்றதால், விவாதம் நடக்க வேண்டுமே என்பதற்காகவே ட்வைன் எதிர்ப்பக்கம் போனார். போனவர், வாதாடி வாதாடித் தன் வாதத்தைத் தானே நம்பத் தொடங்கிவிட்டார். பேக்கன் எழுதினார் என்பதை நம்பினேன், ஷேக்ஸ்பியர் எழுதவில்லை என்பதையோ அறிந்தேயிருந்தேன் என்று அவர் சொல்லும் இடத்தில் தன்னைப் பற்றிய கேலியும் பிடிவாதமும் ஒருசேரத் தெரிகின்றன.

1909இல், இறப்பதற்கு ஓராண்டு முன்பு, இதைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். அதன் வலுவான பகுதி தொழிற்பேச்சைப் பற்றியது. வெள்ளிச் சுரங்கத்தில் வேலை செய்தவர் என்பதால், பிரெட் ஹார்ட் எழுதிய கதைகளில் சுரங்கத் தொழிலாளி வாயைத் திறந்ததுமே, இது காதால் கேட்டு எழுதியது, கையால் தோண்டி எழுதியது அல்ல என்று தமக்குத் தெரிந்துவிடும் என்கிறார். அப்படியிருக்க, சட்டச் சொற்களை இவ்வளவு சரளமாக ஆளும் ஒருவர் வழக்கறிஞராக இல்லாமல் இருக்க முடியாது என்பது அவர் வாதம். இதைப் படித்த நாளில் நான் முழுதுமாக மயங்கிப்போனேன். அந்தக் காலத்து நாடகாசிரியர்கள் பலரும் சட்டச் சொற்களை அள்ளித் தெளித்தவர்கள் என்பதும், நிலம், கடன், வழக்கு என்று நீதிமன்றப் படி ஏறி இறங்கிய குடும்பம் ஷேக்ஸ்பியருடையது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தம் வாழ்வில் தோய்ந்ததை எழுதிப் பெயர் பெற்றவர் ட்வைன். வேறு விதமாகவும் ஒருவர் எழுதக்கூடும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. சாமுவேல் கிளெமென்ஸ் என்ற தம் பெயரை மறைத்துப் புனைபெயரில் எழுதியவருக்கு, ஷேக்ஸ்பியர் என்பதும் ஒரு முகமூடிதான் என்று தோன்றியதில் வியப்பில்லை. அதே ஆண்டுத் தொடக்கத்தில் அவர் வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்த ஹெலன் கெல்லரும் பேக்கன் கட்சிதான்.

ஃபிராய்டின் நிலை இதைவிடச் சுவையானது. என்னை இந்த நம்பிக்கையிலிருந்து விலகச் செய்ததில் அவருக்குப் பங்குண்டு. 1899 நவம்பரில் வெளியான கனவுகளைப் பற்றிய நூலில், ஹாம்லெட் தன் தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கத் தயங்குவதற்குக் காரணம், அந்தக் கொலைகாரன் செய்ததைச் செய்ய ஹாம்லெட்டின் அடிமனமே விரும்பியது என்று விளக்கினார். சான்றாக ஆசிரியரின் வாழ்க்கையையும் சுட்டினார்: ஷேக்ஸ்பியரின் தந்தை 1601இல் இறந்தார், அந்தத் துக்கம் ஆறாத நிலையில்தான் நாடகம் எழுதப்பட்டது, சிறு வயதில் இறந்த மகனின் பெயரும் ஹாம்னெட் என்பதே. அப்படியென்றால் ஹாம்லெட் பற்றிய அவருடைய விளக்கம், ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரரின் குடும்பத் துக்கத்திலும் ஒரு காலை ஊன்றியிருந்தது.

பிறகு, 1920இல் ஜே. தாமஸ் லூனி என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியரின் நூல் வந்தது. ('லூனி' என்பதற்கு ஆங்கிலப் பேச்சு வழக்கில் பைத்தியம் என்று பொருள், அவர் பெயரை லோனி என்றே ஒலிக்க வேண்டும் என்பார்கள், கேலி செய்பவர்களுக்கு அது தேவைப்படவில்லை.) நாடகங்களைப் படித்து, அவற்றை எழுதியவர் எப்படிப்பட்டவராக இருந்திருக்க வேண்டும் என்று முதலில் ஒரு குணப் பட்டியல் போட்டுக்கொண்டு, அதற்குப் பொருந்துபவரைத் தேடிப் போய், 17ஆம் ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்ட் டி வேரைக் கண்டுபிடித்தார் லூனி. ஃபிராய்ட் இதில் முழுமையாக விழுந்தார். 1930இல் தம் கனவு நூலின் புதிய பதிப்பில், ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரர்தான் ஆசிரியர் என்பதில் தமக்கு இப்போது நம்பிக்கை இல்லை என்று அடிக்குறிப்பு சேர்த்தார். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்து சேர்ந்ததும் லூனிக்குக் கடிதம் எழுதினார்.

கவனித்துப் பாருங்கள். ஆசிரியர் மாறினார், தந்தை இறந்த ஆண்டு மாறியது, மகன் ஹாம்னெட் காணாமல் போனான். ஆனால் ஹாம்லெட் பற்றிய விளக்கம் மட்டும் அசையாமல் நின்றது. ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் தந்தை 1562இல், மகனுக்குப் 12 வயதாக இருந்தபோது இறந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டார். எனவே இவர் இன்னும் நன்றாகப் பொருந்துகிறார் என்று வாதம் திரும்பிக்கொண்டது. இரண்டு வேறு மனிதர்களின் வாழ்க்கைக்கும் ஒரே விளக்கம் பொருந்துமானால், அந்த விளக்கத்தைக் கொண்டு இருவரில் எழுதியவர் யார் என்று எப்படித் தீர்மானிப்பது? எந்தப் பூட்டையும் திறக்கும் சாவியைக் காட்டி, இது என் வீட்டுச் சாவி என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. இத்தனைக்கும் பிரபு 1604இல் இறந்துவிட்டார். ஷேக்ஸ்பியரின் 'சூறாவளி' (தி டெம்பெஸ்ட்) நாடகமோ 1609இல் பெர்முடாவில் நடந்த கப்பல் விபத்தின் செய்திகளைப் பயன்படுத்துகிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. 1598இல் பிரான்சிஸ் மெரெஸ் என்பவர் வெளியிட்ட நூலில், இன்பியல் நாடகத்தில் சிறந்தவர்கள் என்று தரும் ஒரே பட்டியலில் ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவும் இருக்கிறார், ஷேக்ஸ்பியரும் இருக்கிறார், இரண்டு ஆட்களாக.

மற்றவர்களை விரைவாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் வரலாற்று நாடகங்களுக்குப் பின்னால் ஓநாய்க் குணம் கொண்ட ஏதோ ஒரு பிரபு இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார், பெயர் சொல்லவில்லை. நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் 1903இல் எழுதிய ஒரு கடிதத்தில், தெய்வீக வில்லியம் என்பதே உலகத்தின்மீது நிகழ்த்தப்பட்ட மிகப்பெரிய மோசடி என்ற எண்ணம் தம்மை விடாமல் துரத்துவதாகச் சொன்னார். சாப்ளின் தம் தன்வரலாற்றில், யார் எழுதியது என்பது பற்றித் தமக்குக் கவலையில்லை, ஆனால் அது ஸ்ட்ராட்ஃபோர்டுப் பையனாக இருக்காது, எழுதியவருக்கு மேட்டுக்குடி மனப்பான்மை இருந்தது என்கிறார். லண்டன் சேரியிலிருந்து எழுந்து உலகை ஆண்ட கலைஞர் இப்படிச் சொன்னது எனக்கு இன்றும் வருத்தம் தருவது. சிறையில் இருந்தபோது அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் இந்த விவாதத்தில் ஈடுபட்டு, முதலாம் ஜேம்ஸ் மன்னரே ஆசிரியர் என்று வாதிட்டார். கணக் கோட்பாட்டை உருவாக்கிய கணித மேதை கியோர்க் கன்டோர்கூட பேக்கனுக்காகத் துண்டுநூல்கள் வெளியிட்டார். பட்டியல் நீளமானதுதான், ஆனால் ஒருவர் பேக்கன் என்கிறார், ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டு என்கிறார், ஒருவர் மன்னர் என்கிறார். ஒருவர் சொல்வது சரியென்றால் மற்றவர்கள் சொல்வது தவறு. ஆகவே இத்தனை பேரின் கனத்தையும் ஒரே தட்டில் ஏற்றி நிறுக்க இடமில்லை.

சட்டத்துறையினர் இதில் காட்டிய ஆர்வம் தனி வகை. 1987இல் வாஷிங்டனில், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவர், பிரென்னன், பிளாக்மன், ஸ்டீவன்ஸ், நாடகங்களை எழுதியவர் யார் என்பது பற்றிய பாவனை வழக்கு ஒன்றை விசாரித்து, ஆக்ஸ்ஃபோர்டு தரப்பு தன் வாதத்தை மெய்ப்பிக்கவில்லை என்று தீர்ப்பளித்தார்கள். ஆனால் ஜான் பால் ஸ்டீவன்ஸின் மனம் பின்னர் மாறியது. ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரரிடம் புத்தகங்கள் இருந்ததற்குத் தடயமே இல்லை என்பது அவரை உறுத்திக்கொண்டேயிருந்தது. பின்னாளில் அவரும், அரசியலில் அவருக்கு நேர் எதிர்த் துருவமான அன்டோனின் ஸ்காலியாவும் ஆக்ஸ்ஃபோர்டு கட்சியில் ஒன்றுசேர்ந்தார்கள். ஆவணம் இல்லாததையே ஆவணமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நீதிமன்றத்தில் செல்லாது என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்தில் புத்தகங்கள் உயிலில் அல்லாமல் தனியாக எடுக்கப்படும் சொத்துப் பட்டியலில் இடம்பெறுவது வழக்கம். ஷேக்ஸ்பியரின் சொத்துப் பட்டியல் நமக்குக் கிடைக்கவில்லை. அதே உயிலில் ஹெமிங்ஸ், பர்பேஜ், கண்டெல் என்ற மூன்று சக நடிகர்களுக்கு மோதிரம் வாங்கப் பணம் விடப்பட்டிருக்கிறது. அவர்களில் ஹெமிங்ஸும் கண்டெலும்தான் 1623இல் 36 நாடகங்களைத் தொகுத்து ஷேக்ஸ்பியர் பெயரில் வெளியிட்டவர்கள்.

நாடகங்களுக்குள் ரகசிய எழுத்து ஒளிந்திருக்கிறது என்று கிளம்பியவர்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு செல்வந்தரின் பண்ணையில் பேக்கனின் ரகசியக் குறியீடுகளைத் தேடும் வேலைக்கு அமர்த்தப்பட்ட வில்லியம் ஃபிரீட்மன், எலிசபெத் ஃபிரீட்மன் என்ற இருவர் அங்கேயே சந்தித்து மணந்துகொண்டு, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மறைகுறியீட்டு வல்லுநர்கள் ஆனார்கள். ஜப்பானியரின் குறியீட்டை உடைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே வில்லியமும் அவர் மனைவியும் 1957இல் ஒரு நூல் எழுதி, ஷேக்ஸ்பியருக்குள் அப்படி ஒரு ரகசியமும் இல்லை என்று காட்டினார்கள்.

என் மனம் மாறியது இவை எதனாலும் முழுமையாக அல்ல. விடுதியில் ட்வைனின் வாதங்களை ஒப்பித்துக்கொண்டு திரிந்த என்னை, எங்கள் பேராசிரியர் ஒருவர் ஒருநாள் அழைத்து, எதுவும் பேசாமல், 1600இல் அச்சான, ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபௌட் நத்திங்' என்ற இன்பியல் நாடகப் பதிப்பின் நிழற்படி ஒன்றை மேசைமேல் வைத்தார். நான்காம் அங்கத்தில் டாக்பெரி, வெர்ஜஸ் என்ற இரண்டு கோமாளிக் காவலர்கள் பேசும் காட்சி. பேசுபவர் பெயர் வர வேண்டிய இடத்தில் டாக்பெரி இல்லை, 'கெம்ப்' என்றிருந்தது. வெர்ஜஸுக்குப் பதில் 'கௌலி'. இருவரும் ஷேக்ஸ்பியரின் குழுவில் இருந்த நடிகர்கள். எழுதியவர் பாத்திரத்தின் பெயரை மறந்து, அந்தச் சிரிப்பு நடிகனின் குரலைக் காதில் கேட்டுக்கொண்டே எழுதியிருக்கிறார், அச்சுக்கூடம் அதை அப்படியே கோத்துவிட்டது. தன் மாளிகையில் அமர்ந்து ரகசியமாக எழுதி அனுப்பும் ஒரு பிரபு, கெம்ப்பின் வாயில் எந்த வசனம் சிரிப்பை வரவழைக்கும் என்று இப்படி எழுதியிருப்பாரா என்று பேராசிரியர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இன்றும் ஐயப்படுபவர்களில் மிகத் திறமையானவர்கள் நடிகர்களே. 2007இல் டெரெக் ஜாகோபியும், லண்டனில் மீண்டும் கட்டப்பட்ட குளோப் அரங்கின் முதல் கலை இயக்குநராக இருந்த மார்க் ரைலன்ஸும், ஐயம் கொள்வது நியாயமே என்ற அறிக்கையைச் சிச்செஸ்டரில் வெளியிட்டார்கள். மேடையில் ஒரு வசனம் யாருக்காக எழுதப்பட்டது என்பதை ரைலன்ஸைவிட நன்றாக அறிந்தவர்கள் உலகில் மிகச் சிலரே. அவரிடம் அந்த 'கெம்ப்' பக்கத்தைக் காட்டி, அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.