பேனரில் முதல் வரி மறையாமல் நிற்பது

படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பில், லேயருக்கு (படத்தின் அடுக்குக்கு) ஒரு வரியாக வைத்துச் செய்த அசையும் பேனரில், அடுத்த வரி வந்த பிறகும் முதல் வரி மறையவில்லையா? ஜிஃப்பாக ஏற்றுமதி செய்யும் பெட்டியில், லேயருக்கு ஒரு ஃபிரேம் (அசைவில் ஒரு காட்சி) என்று சொல்லும் 'ரீப்ளேஸ்' தேர்வை எடுங்கள். இரண்டாவது வரிக்குப் பின்னால் முதல் வரி பேய்போல் நிற்பது போய்விடும்.

இப்போது அங்கே 'ஐ டோன்ட் கேர்' இருக்கும். பெயருக்கேற்ற அக்கறைதான்: பழையதை அழிக்காமல் புதியதை மேலே அடுக்கிவிடும்.

மாற்றிய பிறகும் நின்றால் லேயர் பெயர்களைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் 'கம்பைன்' என்று ஒட்டியிருந்தால், பெட்டியில் நீங்கள் சொன்னதை அது மீறிவிடும், பெயரிலிருந்து அந்தச் சொல்லை அழித்துவிடுங்கள். ஃபில்டர்ஸ் மெனுவின் அனிமேஷன் பகுதியில் பிளேபேக் இருக்கிறது. அங்கும் ரீப்ளேஸ் கொடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டே ஏற்றுமதி செய்யுங்கள்.

ஒன்று: ரீப்ளேஸ் கொடுத்தால் ஒவ்வொரு லேயருக்கும் பின்னணி தனியாக வேண்டும். அடி லேயரில் மட்டும் வைத்திருந்தால், எழுத்து வெறுமையில் மிதக்கும். பின்னணியை நகலெடுத்து, எழுத்து லேயரை அதன்மேல் 'மெர்ஜ் டவுன்' செய்யுங்கள்.