கீரிப்பாறை ரோட்டில் நேரம் பார்க்கலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் தடிக்காரன்கோணத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 19 வயது. விடியற்காலையில் காரை எடுத்து கீரிப்பாறை ரோட்டில் வேகமாக ஏற்றி, மொபைலில் நேரம் பார்க்கிறான். கேட்டால், ஹில் கிளைம்ப் (மலை ரோட்டில் நேரம் பார்த்து ஏறும் கார் பந்தயம்) சாம்பியன்கள் எல்லாம் ஊர் மலையில் ஓட்டிப் பழகித்தான் ஜெயித்தார்கள் என்கிறான். உண்மையா? அவனை எப்படி நல்ல வழியில் விடுவது?

பதில்: முதலில் அந்த ஸ்டாப்வாட்சை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நேரத்தில்தான் பால்வெட்டுக்காரர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போகிறார்கள். அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது ரோட்டில் வேகப் போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம். முதல் தடவையே 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

இனி உங்கள் மகன் சொல்லும் சாம்பியன்கள் கதை. அதில் பாதி உண்மைதான்: மலையில் பழகுகிறார்கள், ஆனால் திறந்த ரோட்டில் இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில் பைக்ஸ் பீக் மலை இருக்கிறது. ஸ்பென்சர் பென்ரோஸ் என்ற தொழிலதிபர் அங்கே ரோடு போட்டு, 1916-ல் மலையேறும் கார் பந்தயமும் தொடங்கினார். சுமார் 20 கிலோமீட்டர், 156 வளைவுகள், முடிவு 4,302 மீட்டர் உயரத்தில். முதல் வருடம் ஜெயித்த ரே லென்ட்ஸுக்கு ஏறக்குறைய 21 நிமிடம் ஆனது. பிறகு அந்த மலையை அன்சர் குடும்பம் சொத்து மாதிரி வைத்திருந்தது. சித்தப்பா பெரியப்பா, அண்ணன் தம்பி என்று எல்லோரும் ஓட்டினார்கள். லூயி அன்சர் மட்டும் 9 தடவை ஜெயித்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1985. பிரான்ஸிலிருந்து வந்த மிஷேல் மூட்டோன், ஆடி குவாட்ரோ காரில் 11 நிமிடம் 25 விநாடியில் ஏறி, அன்சர் வீட்டுப் பையனின் சாதனையை உடைத்தார். அந்தப் பந்தயத்தில் எல்லாப் பிரிவையும் சேர்த்து முதலிடம் பிடித்த முதல் பெண் அவர். மறு வருடமே 52 வயது பாபி அன்சர் திரும்பி வந்து 11 நிமிடம் 9 விநாடியில் முடித்தார். 2011-ல் ஜப்பானின் தாஜிமா 10 நிமிடத்துக்குக் கீழே கொண்டுவந்தார். 2013-ல் செபாஸ்டியன் லோப் 8 நிமிடம் 13 விநாடி. 2018-ல் ரோமன் தூமா மின்சாரக் காரில் 7 நிமிடம் 57 விநாடி. உயரத்தில் காற்று மெலிந்தால் பெட்ரோல் இன்ஜின் மூச்சு வாங்கும், மின் மோட்டாருக்கு அந்தக் கவலை இல்லை.

மகனிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: பைக்ஸ் பீக்கில் பயிற்சி நடப்பது மூடிய ரோட்டில், அதுவும் மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான். முழு மலையையும் ஒரே மூச்சில் ஓட்டுவது பந்தய நாளில் மட்டும், ஒரே ஒரு தடவை. ஒவ்வொரு காராகத்தான் கிளம்பும், எதிரே எதுவும் வராது. அந்த 156 வளைவும் மனதில் பாடமாக இருக்க வேண்டும். வேகம் அப்புறம்தான்.

அந்தப் பாடத்தை நம்ம ரோட்டிலேயே படிக்கலாம். பகலில் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஒவ்வொரு வளைவும் எந்தப் பக்கம், எவ்வளவு இறுக்கம், எங்கே இலைச் சருகு கிடக்கிறது, எங்கே பாசி வழுக்கும் என்று நோட்டில் எழுதட்டும். வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு முதல் வளைவிலிருந்து ஒப்பிக்கட்டும். பாதியில் தடுமாறினால் மறுபடி போகலாம்.

வேகத்துக்கு மைதானத்தில் கூம்பு வைத்து நடத்தும் ஆட்டோகிராஸ், ஸ்லாலம் போட்டிகளில் தொடங்குவது நல்லது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டி லைசென்ஸ் பற்றி அந்த அமைப்பிடமே கேளுங்கள். முதல் செலவு நல்ல ஹெல்மெட். டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) எல்லாம் இப்போது வேண்டாம், நம் மாவட்டத்து மலைரோட்டு உயரத்தில் இன்ஜின் இழக்கும் சக்தி கொஞ்சம்தான்.

இன்னொன்று, இத்தனை நாள் இப்படி ஓட்டிய காரின் பிரேக்கை உடனே பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர் மழைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். இறங்கும்போது நியூட்ரல் கூடாது, ஏறிய கியரிலேயே இறங்கட்டும்.