ரெட்டிச்சாவடி தாண்டியதும் சொல்லிவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

என் தம்பி புதுச்சேரியில் கல்லூரி முதலாமாண்டு படிக்கிறான். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறான். நவம்பர் கடைசி வாரத்தில் அவனுக்கு 18 வயது நிறைகிறது. "எதுவும் வேண்டாம்" என்று இப்போதே சொல்லிவிட்டான். கேக்கும் கைதட்டலும் சிறுவயதிலிருந்தே அவனுக்கு ஆகாது. அம்மாவோ மொட்டைமாடியில் சாமியானா போட்டு, 40 பேரைக் கூப்பிட்டு, விளக்கை அணைத்துவைத்து அவனைத் திகைக்கவைக்க வேண்டும் என்கிறார். விட்டுவிடலாமா? செய்தால் எப்படிச் செய்வது?

வாசகி, மஞ்சக்குப்பம்

அன்புள்ள வாசகிக்கு,

செய்யலாம். ஆனால் ரகசியத்தை அவன் வீடு வந்து சேருவதற்குள் நீங்களே உடைத்துவிட வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பையன்கள் பயப்படுவது, 40 பேர் ஒரே நேரத்தில் தன் முகத்தைப் பார்க்கும் அந்த அரை நிமிடத்துக்கு. பிரியாணியை யாரும் வெறுப்பதில்லை.

பஸ் ரெட்டிச்சாவடியைத் தாண்டியதும் ஒரு செய்தி அனுப்புங்கள்: "வீட்டில் 12 பேர் இருக்கிறார்கள். கேக் உண்டு, பாட்டு கிடையாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்." மனதைத் தயார்செய்துகொள்ள மிச்சமுள்ள தூரம் போதும். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலேயே சொன்னால் பஸ் ஏறாமல் நண்பன் அறைக்குப் போய்விடுவான். "இதில் என்ன சர்ப்ரைஸ்?" என்று அம்மா கேட்பார். அதற்கு ஒன்றே ஒன்றை மறைத்துவையுங்கள்: வெளியூரில் படிக்கும் பள்ளித் தோழன் ஒருவன் வந்திருப்பது.

அதுவரை ரகசியம் நிற்க, வாட்ஸ்அப் குழு எதுவும் வேண்டாம். யாராவது ஒரு சித்தப்பா குடும்பக் குழுவில் தவறிப் போட்டுவிடுவார். போனில் பேசுங்கள். கேக்குக்கு முன்பணத்தை அப்பா போனிலிருந்து அனுப்பாதீர்கள். அப்பாவுக்கு அந்த வேலையைச் செய்துகொடுப்பதே அநேகமாக உங்கள் தம்பியாகத்தான் இருக்கும்.

அந்த 12 பேர் யார்? அவனாகவே போன் போட்டுப் பேசுகிறவர்கள். சொந்தக்காரர்களை நட்சத்திரப் பிறந்தநாளுக்கு அழையுங்கள். தேதியும் நட்சத்திரமும் ஒரே நாளில் வருவது அபூர்வம். காலையில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம், பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி என்று சட்டென முடிந்துவிடும். கோயிலில் எல்லோரும் சாமியைப் பார்ப்பார்கள், அவனைப் பார்க்க மாட்டார்கள். அம்மாவின் ஆசையும் தீரும்.

மொட்டைமாடியை மறந்துவிடுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததைக் கடலூர்க்காரருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. வெறும் மழைக்கே சாமியானா நடுவில் தண்ணீர் கட்டித் தொங்கும். யாராவது கம்பால் தள்ளிவிட்டால் சாப்பாட்டு மேசைமேல் கொட்டும். சீரியல் பல்பு ஒயரின் இணைப்புகளும் நனையும். சில்வர் பீச்சும் அந்த மாதத்தில் இரவு விருந்துக்கு ஏற்ற இடமில்லை. ஹால் போதும்.

விளக்கு எரியட்டும், டிவி ஓடட்டும், வந்தவர்கள் ஏற்கெனவே பஜ்ஜி தின்றுகொண்டிருக்கட்டும். அவன் நுழையும்போது இரண்டு பேர் "வாடா" என்றால் போதும். நேராகக் குளிக்கப் போகட்டும். கசங்கிய சட்டையோடு நிற்பவனைப் படம் பிடிக்காதீர்கள். செருப்புகளைக் கொல்லைப்பக்கம் வையுங்கள், பைக்குகள் அடுத்த தெருவில் நிற்கட்டும். வாசலில் 12 ஜோடி கிடந்தால் உள்ளே 30 பேர் இருப்பதுபோலத் தோன்றும்.

கேக் ஒரு கிலோ போதும். ஆளுக்கு 80 கிராம் வரும். ஃப்ரெஷ் கிரீம் வேண்டாம். பஸ் தாமதமாகும் நாளில் ஃப்ரிட்ஜுக்கு வெளியே இருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் தளர்ந்து சரிந்துவிடும். பட்டர் கிரீம் தாங்கும். கேக்கில் உண்மையான கொடுமை ஊட்டிவிடும் வரிசை: ஒவ்வொருவரும் ஊட்டி, ஒவ்வொருவரோடும் போட்டோவுக்கு நின்று, கால் மணி நேரம் போகும். அவன் ஒரு கீறு போடட்டும். மீதியைச் சமையலறையில் வெட்டித் தட்டில் கொண்டுவாருங்கள். முகத்தில் பூசுவதை முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். அடுக்குக் கேக் சரியாமலிருக்க உள்ளே குச்சி செருகியிருப்பார்கள், கண்ணில் குத்திவிடும். நுரை ஸ்பிரே அதைவிட மோசம். அதை டப்பாவிலிருந்து தள்ளும் வாயு பெரும்பாலும் எரியக்கூடியது. மெழுகுவர்த்தி பக்கத்தில் அடித்தால் குப்பென்று பற்றித் தலைமுடியைப் பிடிக்கும்.

பிரியாணிக்கு ஒன்றேகால் கிலோ சீரகச் சம்பா, ஒன்றரைக் கிலோ கோழி.

நண்பர்கள் "பாண்டியில் இனிமே நீ குடிக்கலாம்டா" என்று ஆரம்பிப்பார்கள். சட்டப்படி வயது புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21. குடித்துவிட்டு முள்ளோடை வழியாக ராத்திரி பைக்கில் திரும்புவதுதான் என் கவலை. முந்தின நாளே நண்பர்களில் பொறுப்பானவன் ஒருவனிடம் பேசிவையுங்கள்.

பரிசாக எல்.எல்.ஆர். செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். கியர் வண்டிக்கு 18 நிறைந்திருக்க வேண்டும், எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். நல்ல ஹெல்மெட் ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் படிவம் 6-ஐயும் அந்த வாரமே நிரப்பிவிடலாம். எதையும் எல்லோர் முன்னிலும் பிரிக்கச் சொல்லாதீர்கள். படங்களை ஸ்டேட்டஸில் போடுமுன் அவனிடம் கேட்க வேண்டும் என்று அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.