சர்ரியாதா பாக்கப் போறீங்களா? லேட்டா மட்டும் போயிடாதீங்க

கேள்வி: ஆபீஸ் வேலையா மெக்சிகோல இருக்கற குவாதலஹாரா வந்திருக்கேன், வீட்டுல எல்லாரும் கூட இருக்காங்க. ஞாயித்துக்கிழமை சர்ரியாதாவுக்கு வாங்கன்னு கூட வேலை பாக்கறவர் கூப்பிடறாரு. இது அமெரிக்கா ரோடியோதானே? என்னத்த பாக்கணும்? 8 வயசுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போகலாமா?

சர்ரியாதான்றது மெக்சிகோக்காரங்களோட குதிரை, காளை வித்தைப் போட்டி. அதே மாதிரி அமெரிக்காவுல நடக்கற ரோடியோவுக்கு அண்ணன் முறைன்னு வச்சுக்கங்களேன். அங்க காளை மேல 8 செகண்ட் தாக்குப்பிடிச்சா போதும், இங்க காளை துள்ளறத நிறுத்தற வரைக்கும் உக்காந்திருக்கணும். கடிகாரத்த விட எவ்வளவு சுத்தமா செய்யறாங்கன்றதுக்குத்தான் மார்க்கு, அதுவும் டீமுக்கு.

மொத்தம் ஒம்போது ஐட்டம். எல்லாரும் கடைசில வர்ற 'மரணப் பாய்ச்சலு'க்குத்தான் காத்திருப்பாங்க, ஓடற குதிரையிலேருந்து பக்கத்துல ஓடற பழக்காத குதிரை மேல தாவறது. அது இருக்கட்டும், என்னைக் கேட்டா ரெண்டாவதா வர்ற பியால்தான் உசுரு. மைதானம் சாவித் துவாரம் மாதிரி இருக்கும், 40 மீட்டர் வட்டம், அதுல 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்துல ஒரு குதிரை தலைதெறிக்க ஓடி வரும், ஓரமா தன் குதிரை மேல உக்காந்திருக்கற சர்ரோ, அதாவது போட்டியில இறங்கற குதிரை வீரர், கயித்த வீசி அதோட ரெண்டு பின்னங்காலையும் ஒண்ணா பிடிக்கணும். பிடிச்சதும் கயித்த கெட்டியா கட்டிட மாட்டாரு, கட்டினா குதிரை குப்புற விழும் இல்ல கயிறு அறுந்துரும். அதனால சேணத்துக்கு முன்னாடி இருக்கற அகலமான குமிழ்ல கயித்த சுத்திட்டு வழுக்க விடுவாரு, அதான் பிரேக்கு. சூட்டுல குமிழ்லேருந்து புகை வரும், கண்ணால பாக்கலாம்! கயித்துக்கும் குமிழுக்கும் நடுவுல விரல் மாட்டுச்சுன்னா விரல் போச்சு, அப்படி விரல் இழந்தவங்க நிறைய பேரு.

அதனால லேட்டா போகாதீங்க. முதல் ஐட்டம் கலா, முழு வேகத்துல வர்ற குதிரை பின்னங்காலை மண்ணுல சறுக்கி நிக்கறது, அடுத்ததே பியால். சந்து வட்டத்துல சேர்ற முனைகிட்ட உக்காந்தா ரெண்டும் தெரியும். தொப்பி, தண்ணி கண்டிப்பா வேணும், ரெண்டு மூணு மணி நேரம் போகும்.

மூணாவது ஐட்டம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது, காளையோட வாலைப் பிடிச்சு உருட்டி விடறது. பின்னாடி ஓடற குதிரையோட முன்னங்காலுக்குச் சுருக்கு போடறதும் உண்டு, அதுல குதிரைய விழ வைக்கறதுக்கு கலிஃபோர்னியால 1994லயே தடை போட்டுட்டாங்க. எனக்கே இந்த ரெண்டும் ஒப்பாது, பொண்ணு முகம் மாறுச்சுன்னா அந்த நேரத்துல வெளிய சாப்பாட்டுக் கடைப் பக்கம் போயிடுங்க.

ஆனா எஸ்கராமூசா இருந்தா அவளுக்குக் கட்டாயம் காட்டுங்க. எட்டு பொண்ணுங்க, பெரிய பாவாடை, ஒரே பக்கமா கால் போட்டு உக்காந்து முழு வேகத்துல ஒருத்தர ஒருத்தர் நூலிழைல குறுக்க வெட்டிப் போவாங்க. எல்லா சர்ரியாதாவுலயும் இருக்காது, உங்க ஃப்ரெண்டுகிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க.